கழிமுகத்தின் நாவுகள்

2010 மே மாதம் குட்லக் ஜொனாதன் நைஜீரியாவின் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் இஜோ மக்கள், தங்களில் ஒருவர் முதன்முறையாக அந்த இடத்துக்கு வந்துவிட்டார் என்று கொண்டாடினார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் இவர்களை 'இஜா' என்று எழுதும். கிழக்குக் கழிமுகத்தில் இஜோ என்பார்கள், மேற்கில் இஸோன் என்பார்கள். ஜொனாதன் பிறந்த ஒட்டுவோக்கே, ஒக்பியா பகுதியைச் சேர்ந்த ஊர். ஒக்பியா மக்களின் தாய்மொழி ஒக்பியா. மொழியியலாளர்கள் அதை இஜோ மொழிகளோடு சேர்ப்பதே இல்லை. மத்தியக் கழிமுக மொழிகள் என்ற தனிப்பிரிவில் வைத்து, கிழக்கே கிராஸ் ஆற்றுப் பக்கத்து மொழிகளோடு அதற்கு உறவு சொல்கிறார்கள். இஜோ மக்களின் முதல் குடியரசுத் தலைவர், பிறப்பால் இஜோ மொழி பேசாத ஒரு சமூகத்திலிருந்து வந்தவர்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒக்பியா மக்கள் தங்களை இஜோ என்று சொல்லிக்கொள்வது உண்மையான உணர்வு. பிற இஜோ மக்கள் அவர்களைத் தம்மவராக ஏற்றுக்கொண்டதும் அப்படித்தான். மொழியியலாளரின் வகைப்பாட்டிலும் பிழை இல்லை. பயெல்சா மாநிலத்தின் தலைநகரான யெனகோவாவின் மண்ணுக்குரிய எபியே, அட்டிஸ்ஸா மக்களின் நிலையும் இதுவே. அவர்களுடைய மொழி எடோ மொழிகளின் வரிசையில் வருவது. இஜோ மக்களுக்கென்று அமைந்த மாநிலத்தின் தலைநகரே இஜோ அல்லாத ஒரு மொழியின் மண்ணில் இருக்கிறது. மொழிதான் இனம், இனம்தான் மொழி என்று பழகிய மனத்துக்கு இது விளங்கச் சற்று நேரமாகும். இஜோ மக்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டது: மொழிக்கும் இன அடையாளத்துக்கும் தனித்தனி ஆயுள் உண்டு. ஒன்று தழைக்கும் அதே காலத்தில் மற்றொன்று தேயலாம். இஜோ என்ற பெயர் பெரிதாகிக்கொண்டே வந்த நூறாண்டில், அந்தப் பெயருக்குள் இருந்த சின்னஞ்சிறு பேச்சுகள் சில ஒடுங்கிக்கொண்டே வந்திருக்கின்றன.

நைஜர் ஆறு கடலைச் சேர்வதற்கு முன் நன், ஃபொர்காடோஸ் என்று இரண்டு பெருங்கிளைகளாகப் பிரிந்து, அவற்றிலிருந்து மேலும் பல கிளைகளாகச் சிதறி, ஓடைகளும் காயல்களுமாகப் பரவுகிறது. மேற்கே ஒண்டோ மாநிலத்து அரொக்போவிலிருந்து கிழக்கே போனி, ன்கோரோ வரை இந்த நீர்ப்பரப்பு முழுவதும் இஜோ ஊர்கள். கடலோரம் உப்புநீரும் அலையாத்திக் காடும். அங்கே பயிர் விளையாது. மீன் பிடித்து, உப்புக் காய்ச்சி, இரண்டையும் உள்நாட்டுக்குக் கொண்டுபோய்ச் சேனைவள்ளிக் கிழங்குக்கு மாற்றி வாழ்ந்தார்கள். உள்ளே போகப் போக நன்னீர்ச் சதுப்பு. வெள்ளம் வண்டலைக் கொட்டி உயர்த்திய ஆற்றங்கரை மேடுகளில் பயிர் செய்யலாம்.

பேச்சின் வரைபடமும் ஏறக்குறைய இந்த நீரின் போக்கில்தான் அமைந்திருக்கிறது. கிழக்கே கலபாரி, ஒக்ரிகா, இபானி ஆகிய மூன்றும் நெருங்கிய உறவு. ஒன்றைப் பேசுகிறவருக்கு மற்றது பெருமளவு விளங்கும். நெம்பேயும் அகஸாவும் இன்னொரு கூட்டு. நடுவிலும் மேற்கிலும் இஸோன் என்ற நீண்ட தொடர்: கொலொகுமா, க்பராயின், எக்பெதியமா, மெயின், அரொக்போ என்று இன்னும் பல. இந்தத் தொடரில் அடுத்த ஊர்ப் பேச்சு சிரமமின்றிப் புரியும். தொலைவு கூடக் கூடக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் கொலொகுமாக்காரர் ஒருவர் கலபாரி ஊரில் போய் இறங்கினால் சொந்தப் பேச்சை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. இவை தவிர உள்நாட்டில் பிசெனி, ஒகொர்தியா, ஒருமா என்று தனித்தனியாக ஒதுங்கிக் கிடக்கும் பேச்சுகள் உண்டு. இவற்றில் ஒருமா, ஒக்பியா ஊர்களின் நடுவே மாட்டிக்கொண்ட இஜோ ஊர். சுற்றியுள்ளவர்கள் பேசுவது வேறு குடும்பத்து மொழி. ஆனால் அவர்களும் இஜோ, இவர்களும் இஜோ.

இஜோ மொழிகளின் உள்ளமைப்பு அக்கம்பக்கத்து மொழிகளோடு ஒட்டாமல் நிற்பது ஆராய்ச்சியாளர்களை நெடுநாளாக யோசிக்க வைத்திருக்கிறது. யொருபா, இக்போ, எடோ ஆகியவற்றில் வினைச்சொல் செயப்படுபொருளுக்கு முன்னே வரும். இஜோவில் எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் வினை என்று தமிழைப் போலவே வாக்கியம் முடியும். உருபுகள் பெயருக்குப் பின்னால் வரும். கொலொகுமா போன்ற பேச்சுகளில் அவன், அவள், அது என்ற பால் வேறுபாடும் உண்டு. அந்த வட்டாரத்து மொழிகளில் இது அரிது. தமிழோடு இதற்கு உறவு எதுவும் கிடையாது. உலகில் பல மொழிகள் தனித்தனியே இந்த வழிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் ஒரு தமிழ் வாசகர் இஜோ வாக்கியம் ஒன்றின் அடுக்கை எளிதில் பின்தொடர்வார். நைஜர்-கொங்கோ என்ற பெருங்குடும்பத்திலிருந்து மிக முன்னதாகவே பிரிந்த கிளை என்று இஜோவை வெகுகாலமாக வகைப்படுத்தி வந்தார்கள். அந்தக் குடும்பத்தில் அதைச் சேர்க்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். எந்தக் கட்சியை ஏற்றாலும் ஒன்று தெளிவு. இந்த மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தனித்து வளர்ந்த ஒரு பேச்சுக்கு உரியவர்கள்.

ஆனால் அந்தத் தனித்தன்மை 'நாங்கள் எல்லோரும் ஒரே இனம்' என்ற எண்ணத்தை முன்காலத்தில் உருவாக்கிவிடவில்லை. நெம்பேயில் பிறந்த வரலாற்றாசிரியர் எபியெக்பெரி ஜோ அலகோவா, ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களின் வாய்மொழி வரலாறுகளைத் திரட்டி, 1972இல் 'நைஜர் கழிமுகத்தின் வரலாறு' என்ற நூலை வெளியிட்டார். அவர் காட்டும் பழைய இஜோ உலகின் அலகு 'இபே'. ஒரே மூதாதையிடமிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும், ஒரே தெய்வத்தை வணங்கும், ஒரே வட்டாரப் பேச்சைப் பேசும் ஊர்களின் கூட்டம் அது. கொலொகுமா ஓர் இபே, எக்பெதியமா ஓர் இபே, மெயின் ஓர் இபே. தங்கள் பேச்சு எங்கே முடிகிறதோ அங்கே 'நாம்' என்பதும் முடிந்தது. அதற்கு அப்பாலிருந்தவர்கள் உறவினராகவும் இருக்கலாம், எதிரிகளாகவும் இருக்கலாம். இந்த எல்லைக்குள் வட்டார வழக்கும் அடையாளமும் ஒன்றாகவே இருந்தன. பின்னாளில் வந்ததுதான் பிரிவு.

அந்தப் பிரிவைக் கிழக்குக் கழிமுகத்தின் வணிக நகரங்களில் மிகத் தெளிவாகப் பார்க்கலாம். ஐரோப்பியக் கப்பல்கள் அடிமைகளுக்காகவும் பிறகு பாமாயிலுக்காகவும் வந்து நின்றபோது எலெம் கலபாரி, போனி, நெம்பே, ஒக்ரிகா ஆகிய மீனவர் ஊர்கள் நகர அரசுகளாக எழுந்தன. உள்நாட்டிலிருந்து, முக்கியமாக இக்போ நிலத்திலிருந்து, அடிமைகள் ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். எல்லோரும் கப்பலேறிவிடவில்லை. பலர் துடுப்புப் போடவும் சண்டையிடவும் வணிகம் பார்க்கவும் அந்த நகரங்களிலேயே வைத்துக்கொள்ளப்பட்டு, வணிகக் குடும்பங்களின் உறுப்பினரானார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் உள்ளூர்க்காரர்களைவிடப் பெருகிய ஊரில் யாருடைய மொழி நிற்கும்?

எலெம் கலபாரி ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தது. கலபாரி மக்களிடையே நெடுங்காலம் வாழ்ந்து எழுதிய மானுடவியலாளர் ராபின் ஹார்ட்டன் அதைப் பதிவுசெய்திருக்கிறார். கொரொனொக்போ என்ற வலுமிக்கவர்களின் சங்கம் இரவில் ஊரைச் சுற்றி வரும். எதிர்ப்படுகிறவரைப் பேச வைக்கும். கலபாரி உச்சரிப்பு பிசகினால் அவர் பாடு ஆபத்து. பயம் ஒரு கை, பரிசு மறு கை. பேச்சும் பழக்கமும் படிந்துவிட்டால் அடிமையாக வந்தவனும் குடும்பத் தலைவனாக உயரலாம். பிறப்பைக் கேட்காமல் நாவைக் கேட்ட சமூகம் அது. அதன் கொடுமையை மறைக்க வேண்டியதில்லை. அடிமை வணிகத்தின் நடுவே நடந்த காரியம் இது. விளைவு, இக்போ நிலத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று கலபாரி பேசும் கலபாரிகள்.

அந்த ஊரின் கூத்திலும் இந்தச் சோதனை உண்டு. எக்கினே என்பது கலபாரி ஆண்களின் முகமூடி ஆட்டச் சங்கம். நீர்த்தெய்வங்களின் வேடமிட்டு ஆடுவது அதன் வேலை. அதில் சில ஆட்டங்களில் ஆடுகிறவரை மேளக்காரர் நடுவழியில் நிறுத்திவிடுவார். மேளம் பேசத் தொடங்கும். கலபாரிப் பேச்சின் ஏற்ற இறக்கங்களைத் தோலில் எழுப்பி, ஊரிலுள்ள தெய்வங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்கும். முகமூடிக்குள் இருப்பவருக்குப் பார்வை சரியாக எட்டாது. ஆடி ஆடி உடல் சோர்ந்திருக்கும். சுற்றிலும் கூட்டத்தின் இரைச்சல். மேளம் அழைக்கும் தெய்வத்தின் கோயில் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையை அவர் தயங்காமல் சுட்டிக்காட்ட வேண்டும். ஒரு பெயர், ஒரு திசை. அடுத்த பெயர், அடுத்த திசை. ஒன்று தவறினாலும் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் அது ஆறாத அவமானம். இது சரியாக நடக்க ஆட்டக்காரருக்கு எத்தனை தெரிந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். மொழி தெரிய வேண்டும். அதன் சுரங்கள் தெரிய வேண்டும். தெய்வங்களின் வரிசையும் ஊரின் நிலவியலும் கைவசம் இருக்க வேண்டும். சுரம் ஏறி இறங்கிப் பொருள் தரும் பேச்சு இல்லாத இடத்தில் இந்த மேளத்துக்குப் பேச ஒன்றும் இருக்காது.

போனி வேறு வழியில் போனது. அங்கேயும் இக்போ பேசுகிறவர்கள் ஏராளமாக வந்து சேர்ந்தார்கள். உள்நாட்டு வணிகத்துக்கு இக்போ தேவைப்பட்டது. 1860களில் போனிக்குக் கிறித்தவச் சபை வந்தது. பின்னர் இக்போ பைபிளுக்கென்று பல வழக்குகளைக் கலந்து 'ஒன்றிய இக்போ' உருவாக்கப்பட்டபோது, அதில் சேர்க்கப்பட்டவற்றுள் போனியின் இக்போவும் ஒன்று. அந்த பைபிள் 1913இல் வெளிவந்தது. இஜோ நகரம் ஒன்று இக்போ மொழியின் ஒரு வழக்குக்கே தன் பெயரைக் கொடுக்கும் அளவுக்குப் பேச்சு மாறியிருந்தது. இபானி என்ற பழைய மொழி முதியவர்களிடமும் சடங்குகளிலும் ஒதுங்கியது.

போனியிலிருந்துதான் ஜாஜா வந்தார். இக்போ நிலத்தில் பிறந்து, சிறுவனாக அடிமைப்பட்டு, போனியின் பெரிய வணிகக் குடும்பம் ஒன்றின் தலைவராக உயர்ந்தவர். 1869இல் போனியில் உள்நாட்டுச் சண்டை மூண்டபோது தன் ஆட்களோடு கிழக்கே நகர்ந்து ஒபோபோவை நிறுவி, அதன் அரசரானார். பாமாயில் வணிகத்தில் வெள்ளையரின் வழியை அடைத்தார் என்பதற்காக பிரிட்டிஷார் 1887இல் அவரைப் பிடித்து நாடு கடத்தினார்கள். ஊர் திரும்பும் வழியில் 1891இல் இறந்தார். ஒபோபோவின் பேச்சு இன்று பெரும்பாலும் இக்போ. ஆனால் ஊரின் அமைப்பும் வணிகக் குடும்பங்களின் வரிசையும் அரச பட்டமும் போனியிலிருந்து எடுத்துவந்த இஜோ மரபு. அந்த மரபின் பெயரால் தங்களை இபானிகள் என்று கருதுவோர் அங்கே பலர். பேச்சு போன பிறகும் நிற்கும் அடையாளத்துக்கு ஒபோபோ சான்று.

இதற்கு நேர்மாறான சான்று அட்லாண்டிக்கின் மறுகரையில் இருக்கிறது. தென் அமெரிக்காவின் கயானாவில் பெர்பீஸ் ஆற்றங்கரையில் 1627இல் டச்சுக்காரர்கள் ஒரு குடியேற்றத்தை அமைத்தார்கள். அங்கே கொண்டுபோகப்பட்ட அடிமைகளுக்கும் எசமானர்களுக்கும் இடையே பிறந்த கலப்புமொழிக்கு பெர்பீஸ் டச்சு என்று பெயர். அது இன்னும் பேசப்படுகிறது என்பதை 1970களில்தான் மொழியியலாளர் இயன் ராபர்ட்ஸன் வெளியுலகுக்குச் சொன்னார். அதன் அடிப்படைச் சொற்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிழக்கு இஜோவிலிருந்து, கலபாரிக்கு மிக நெருங்கிய பேச்சிலிருந்து வந்தது. கரீபியப் பகுதியின் கலப்புமொழிகள் பெரும்பாலும் பல ஆப்பிரிக்க மொழிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டவை. பெர்பீஸில் மட்டும் ஒரே மூலம், அதுவும் இத்தனை ஆழமாக. பன்மை விகுதியும் எதிர்மறைச் சொல்லும்கூடக் கழிமுகத்திலிருந்து போனவை. அந்தச் சொற்களை நாவில் வைத்திருந்த பெர்பீஸ் குடும்பங்களுக்கு இஜோ என்ற பெயர் தெரியாது. கலபாரி என்ற ஊர் தெரியாது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல், அடிமைத்தளையைத் தாண்டி, நாடு கைமாறியதைத் தாண்டி, பெயரில்லாமல் பேச்சு மட்டும் உயிர்த்திருந்தது. அதைப் பேசியவர்களில் கடைசியாக அறியப்பட்ட மூதாட்டி 2005இல் காலமானார்.

ஒபோபோவில் பெயர் தங்கியது, பேச்சு போயிற்று. பெர்பீஸில் பேச்சு தங்கியது, பெயர் போயிற்று. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, மொழியையும் இனத்தையும் ஒரே பொருளாகக் கருத என்னால் முடியவில்லை. மொழி, நாம் அறியாமலே நம் வழியாக நடந்துபோகிறது. அடையாளம், நாம் அறிந்து எடுத்துக்கொள்வது. ஒவ்வொன்றுக்கும் தனியாக உழைப்பு தேவை.

இருபதாம் நூற்றாண்டில் இஜோ மக்கள் அடையாளத்துக்காக உழைத்தார்கள். அதற்கு வலுவான காரணம் இருந்தது. காலனி நிர்வாகம் மாகாணங்களைப் பிரித்தபோது கழிமுகத்தின் ஒரு பகுதி மேற்கு வட்டாரத்திலும் மறுபகுதி கிழக்கு வட்டாரத்திலும் விழுந்தது. ஒன்றில் யொருபா பெரும்பான்மை, மற்றதில் இக்போ பெரும்பான்மை. இரண்டிலும் ஆற்று மக்கள் சிறுபான்மை. இபே இபேயாகப் பிரிந்து நின்றால் யார் காதிலும் குரல் விழாது என்பதை அவர்கள் உணர்ந்தார்கள். சுதந்திரத்துக்கு முன் சிறுபான்மையினரின் அச்சங்களை விசாரிக்க 1957இல் வில்லிங்க் ஆணையம் அமைந்தது. ஆற்று மக்களுக்குத் தனி மாநிலம் கேட்டு நின்றவர்களில் முன்னணியில் இருந்தவர் ஹெரால்ட் டப்பா-பிரியே. அவர் போனிக்காரர், இக்போ பேசும் இஜோ நகரத்தின் மகன். ஆணையம் 1958இல் தந்த அறிக்கை அச்சங்களை ஏற்றது, தனி மாநிலத்தை ஏற்கவில்லை.

அதற்குள் நிலத்தடியிலிருந்து இன்னொரு காரணம் வெளிவந்தது. 1956இல் ஒலொய்பிரியில் வணிக அளவில் எண்ணெய் கிடைத்தது. ஒலொய்பிரி ஒக்பியா ஊர். கிணறுகளும் குழாய்களும் எண்ணெய்க் கசிவும் இரவு பகலாக எரியும் வாயுவும் இது ஒக்பியா நிலம், இது இஸோன் நிலம் என்று பார்த்து வரவில்லை. ஒரே நீரில் ஒரே படலம் மிதந்தது. ஒரே வலையில் மீன் குறைந்தது. மொழி சேர்க்காதவர்களை இந்த இழப்பு சேர்த்தது. ஒலொய்பிரியிலேயே பிறந்த கயமாக்காரர் ஐசக் அடாகா போரோ, 1966 பிப்ரவரி 23 அன்று நைஜர் கழிமுகக் குடியரசைப் பிரகடனம் செய்தார். பன்னிரண்டு நாளில் அது அடக்கப்பட்டது. போரோ மரண தண்டனை விதிக்கப்பட்டு, மன்னிக்கப்பட்டு, நைஜீரிய உள்நாட்டுப் போரில் கூட்டரசின் பக்கம் நின்று 1968இல் மாண்டார். 1967இல் ரிவர்ஸ் மாநிலம் வந்தது. அதிலிருந்து 1996இல் பயெல்சா பிரிந்தது. 1998 டிசம்பர் 11 அன்று போரோவின் கயமாவில் கூடிய இளைஞர்கள், தங்கள் நிலமும் அதன் வளமும் தங்களுக்கே உரியவை என்று அறிவித்தார்கள். கயமாப் பிரகடனம் என்று அது பெயர்பெற்றது. ஐந்நூறுக்கு மேற்பட்ட ஊர்கள், நாற்பதுக்கு மேற்பட்ட குலங்கள் என்று அது தன் மக்களைக் கணக்கிட்டது. எந்த மொழியின் பெயராலும் அவர்களைக் கூட்டவில்லை. பிரகடனத்தின் மொழி ஆங்கிலம். அடுத்த ஆண்டு நவம்பரில் கொலொகுமாப் பகுதியின் ஓடி என்ற ஊரை ராணுவம் ஏறக்குறைய முழுவதுமாக அழித்தது. அதன் பிறகு இஜோ என்று சொல்லிக்கொள்ள வேறு காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை.

இவ்வாறு துயரத்திலும் உரிமைக் கோரிக்கையிலும் வார்க்கப்பட்ட ஓர் அடையாளத்தை, மொழி ஒன்றாக இல்லை என்று சொல்லி யாரும் குறைத்துப் பேச முடியாது. ஒக்பியாவையும் எபியேயையும் உள்ளே அழைத்துக்கொண்ட அதன் விரிந்த மனத்தை நான் மதிக்கிறேன். மேற்கே ஒண்டோவில் அபோய் மக்கள் இன்று யொருபா பேசுகிறார்கள். தங்கள் இஜோ மூலத்தை அவர்கள் மறக்கவில்லை. அவர்களுக்கும் அதில் இடம் உண்டு. அடையாளத்துக்கு வேறொரு முகமும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1997இல் வாரிப் பகுதியில் ஓர் உள்ளாட்சித் தலைமையகம் இஜோ ஊரிலிருந்து அண்டை இனமான இட்செகிரி மக்களின் ஊருக்கு மாற்றப்பட்டது. அதிலிருந்து மூண்ட சண்டையில் இரு பக்கமும் உயிர்களும் ஊர்களும் அழிந்தன. ஒரே ஓடையில் தலைமுறை தலைமுறையாகப் படகோட்டியவர்கள், ஒருவர் பேச்சை மற்றவர் அறிந்தவர்கள், பெயரைக் கேட்டுப் பகைவரானார்கள். பழைய கழிமுகத்தில் பல நாவு உள்ளவர்தான் வணிகத்தில் பிழைத்தார். பெயர் இறுகும்போது அந்தப் பழக்கம் முதலில் போகிறது.

பெயர் பெரிதானதால் பேச்சு காப்பாற்றப்பட்டதா என்று கேட்டால், கிழக்கு ஓரத்தில் ன்கோரோவுக்குப் போக வேண்டும். அங்கே டெஃபாகா என்ற மிகச் சிறிய சமூகம் ன்கோரோ மக்களோடு கலந்து வாழ்கிறது. இஜோ பேச்சுகள் எல்லாவற்றுக்கும் ஒரே மிக நெருங்கிய உறவு டெஃபாகா மொழிதான். மொழியியலாளர் சார்ல்ஸ் ஜெனெவாரி 1983இல் இந்த உறவை ஆதாரத்தோடு காட்டினார். எல்லா இஜோ மொழிகளும் ஒரு பக்கம், டெஃபாகா மட்டும் மறுபக்கம் என்று குடும்ப மரம் பிரிகிறது. அதாவது இஜோவின் பழமையை அறிய வேண்டுமானால் டெஃபாகா இல்லாமல் முடியாது. அந்த மொழியைப் பேசுகிறவர்கள் இன்று சில நூறு பேருக்கு மேல் இல்லை. டெஃபாகாக் குழந்தைகள் ன்கோரோவில்தான் வளர்கிறார்கள். ன்கோரோவும் ஓர் இஜோ பேச்சு, அதுவும் சிறியது. டெஃபாகாவை ஆங்கிலமோ இக்போவோ விழுங்கவில்லை. பக்கத்து வீட்டு உறவு, எந்தத் தீங்கும் நினைக்காமல், அன்றாட வாழ்வின் வசதியில் அதை உள்வாங்கிக்கொண்டிருக்கிறது. ன்கோரோக்காரரும் டெஃபாகாக்காரரும் பெரிய பெயரில் ஒன்றுதான் என்னும்போது, இழப்பு இழப்பாகவே கண்ணில் படுவதில்லை. இஜோவின் எண்ணிக்கையில் ஒருவரும் குறையவில்லையே என்று தோன்றிவிடும்.

பெரிய பேச்சுகளுக்கும் நெருக்கடி உண்டு. போர்ட் ஹார்கோர்ட், வாரி, யெனகோவா நகரங்களில் சந்தையிலும் பேருந்திலும் நைஜீரியப் பிட்ஜின் என்ற கலப்பு ஆங்கிலம்தான் ஓடுகிறது. இஸோன் தாயும் கலபாரித் தந்தையும் உள்ள வீட்டில் பிள்ளைக்குக் கிடைப்பது பிட்ஜினும் ஆங்கிலமும். 1999ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் நாடாளுமன்றத்தில் ஆங்கிலத்தோடு ஹவுசா, இக்போ, யொருபா ஆகிய மூன்றை மட்டும் அனுமதிக்கிறது. 2006ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் கேட்கப்படவில்லை. எத்தனை பேர் இஜோ என்பதற்கு அரசிடம் எண் கிடையாது. எண்ணிக்கையைச் சொல்லி உரிமை கேட்கும் நாட்டில் பெயருக்குள் ஆட்களைச் சேர்ப்பதே முதல் வேலையாகிவிட்டது. அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது பின்னுக்குப் போனது.

ஆனால் பேச்சுக்காக உழைத்தவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்தில் பிறந்து தன் வாழ்வின் பெரும்பகுதியை நைஜீரியாவில் கழித்த கே வில்லியம்ஸன், 1965இல் கொலொகுமா வழக்குக்கு இலக்கணம் எழுதினார். ஒரு நாட்டின் மொழிக்கு எழுதுவதுபோன்ற அதே மரியாதையோடு ஓர் இபேயின் பேச்சுக்கு எழுதிய நூல் அது. இஸோன் உயிரொலிகள் ஒன்பது. அவற்றில் சில ஒரே சொல்லில் ஒன்றோடொன்று சேரும், சில சேரா. அந்த வேறுபாட்டைக் காட்ட எழுத்துக்குக் கீழே புள்ளி வைப்பார்கள். அவசரமாக அச்சடிக்கிறவர்கள் புள்ளியை விட்டுவிடுகிறார்கள். அதோடு மொழியின் ஓர் ஒலியொழுங்கே தாளிலிருந்து மறைந்துவிடுகிறது. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, வில்லியம்ஸனும் அவரோடு சேர்ந்தவர்களும் ரிவர்ஸ் வாசிப்பு நூல் திட்டத்தைத் தொடங்கினார்கள். அந்த மாநிலத்தின் சுமார் இருபது மொழிகளுக்கும் வழக்குகளுக்கும் எழுத்துமுறை வகுத்து, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறு சிறு புத்தகங்கள் போடும் வேலை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்திருந்தால் செலவு குறைந்திருக்கும். அவர்கள் அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் தனிப் புத்தகம் என்று நின்றார்கள். இஜோ மொழிகளின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான ஒரு நிலைப்பாட்டை நான் காணவில்லை.

இன்னொரு உழைப்பு கவிஞர் ஜே.பி. கிளார்க்குடையது. ஒசிடி என்ற வீரனின் கதையை ஏழு இரவுகள் தொடர்ந்து சொல்வது மேற்குக் கழிமுகத்தின் மரபு. 1963இல் இபாடான் நகரத்தில் ஒகாபூ ஒஜொபொலோ என்ற கதைசொல்லியைக் கொண்டு கிளார்க் அதை ஒலிநாடாவில் பதிந்தார். இபாடான் யொருபா நகரம், கழிமுகத்திலிருந்து வெகுதூரம். அங்கே பிழைக்க வந்த இஜோ மக்கள் கேட்பவர்களாகக் கூடினார்கள். சொல்கிறவரை உற்சாகப்படுத்தினார்கள், இடைமறித்தார்கள், பாட்டில் சேர்ந்துகொண்டார்கள். 1977இல் நூல் வந்தபோது கதை ஒரு பக்கம் இஸோனிலும் எதிர்ப்பக்கம் ஆங்கிலத்திலும் அச்சானது. கூட்டத்தில் எழுந்த குரல்களும் அதில் இடம்பெற்றன. கிளார்க்கின் தந்தை இஜோ, தாய் உரோபோ என்ற வேறு இனத்தவர். ஒருவருடைய ரத்தம் எத்தனை பங்கு என்று பார்த்திருந்தால் இந்த நூல் கிடைத்திருக்காது.

அண்மைக் காலமாக இஜோ மக்களுக்கு ஒரு பொதுமொழி வேண்டும், ஏதேனும் ஒரு வழக்கை எல்லோருக்கும் கற்பிக்க வேண்டும் என்று சொல்கிறவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. பெரிய மொழிகளின் நடுவே சிதறிக் கிடந்தால் கரைந்துபோவோம் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் ஒரே மொழி இல்லாமலே அவர்கள் ஒரு மக்களாகிவிட்டார்கள். அதற்கு ஒக்பியாவே சான்று. அடையாளத்தின் பொருட்டு ஒரு வழக்கை உயர்த்தினால் அது மற்ற வழக்குகளின் மீதுதான் ஏறி நிற்கும். டெஃபாகாவுக்கு ன்கோரோ இன்று என்னவாக இருக்கிறதோ, நாளை ன்கோரோவுக்கு அந்தப் பொதுமொழி அதுவாகும். அடையாளத்தைத் தாங்கி நிற்க மொழி வேண்டியதில்லை என்பது இந்த மக்கள் உலகுக்குக் காட்டிய உண்மை. அந்த உண்மையிலிருந்து மொழியை விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வருவது தவறு. மொழியின் பயன் வேறு. மேளம் அழைத்த பெயருக்குத் திசை காட்டியவருக்கு அது எதற்கு என்று தெரியும். ஊரையும் தெய்வத்தையும் மூதாதையையும் ஒரு மூச்சில் இணைக்கும் அந்த அறிவைக் கொடியோ பிரகடனமோ சுமக்காது.

இஜோ என்ற பெயர் இன்று வலுவானது. ஒரு மாநிலத்தையும் ஒரு குடியரசுத் தலைவரையும் கண்ட பெயர். அந்த வலு, தனித்தனியே பேசிய நாற்பது குலங்கள் தங்கள் எல்லையைத் தாங்களே தளர்த்திக்கொண்டதால் கிடைத்தது. சிறியவை விட்டுக்கொடுத்ததில் பெரியது வளர்ந்திருக்கிறது என்றால், பெரியது இப்போது சிறியவற்றுக்குக் கடன்பட்டிருக்கிறது. எண்ணெய் வருமானத்தில் பங்கு கேட்டுப் போராடி, அதில் ஒரு பகுதியைப் பெற்றும் இருக்கிற மக்கள், அந்தப் பணத்தில் ஒரு துளியைக் கொண்டு ன்கோரோவில் டெஃபாகா கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த முடியும். இபானிக்கும் ஒருமாவுக்கும் பாடநூல் அச்சடிக்க முடியும், எழுத்தின் கீழுள்ள புள்ளி விடுபடாமல். ஒக்பியாப் பிள்ளை ஒக்பியா படித்தபடியே இஜோவாக இருக்கலாம் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தர முடியும். மிகச் சிறிய பேச்சைப் பேசுகிறவருக்கும் அந்தப் பெயருக்குள் முழு இடம் கிடைக்கிறதா என்பதைக் கொண்டுதான், அவ்வளவு உயிர்களைக் கொடுத்து வளர்த்த அடையாளத்தின் தகுதியை நான் அளப்பேன்.